சாஞ்சோவேசேயை நாக்கால் அடையாளம் காண்பது எப்படி?

ஒயின் குடித்து வாய் வறண்டால் பலரும் "ட்ரை" என்கிறார்கள். ட்ரை என்றால் இனிப்பு இல்லாதது, அவ்வளவுதான். வாயை இழுத்துப் பிடிப்பது டானின், திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் ஒரு பொருள். அதற்கு நம்மிடம் துவர்ப்பு என்று அறுசுவையிலேயே பெயர் இருக்கிறது. இத்தாலியின் சாஞ்சோவேசே திராட்சையை நான் புரிந்துகொண்டது இந்தச் சொல்லால்தான். புளிப்பும் துவர்ப்பும் சரிசமமாக மல்லுக்கு நிற்கும் ரகம் அது.

பெங்களூரு அல்சூருக்குக் குடிவந்த முதல் வருடம், ஒரு பாட்டிலை அடுப்புக்கு மேலிருந்த அலமாரியில் கோடை முழுக்க வைத்திருந்தேன். மே மாதம் திறந்தால் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறியது. அதனால் முதலில் சூட்டைக் கவனியுங்கள். 16 முதல் 18 டிகிரி இருந்தால் நல்லது. பெங்களூரு கோடையில் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். டிசம்பரில் 20 நிமிடம் போதும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பாருங்கள். கேபர்னே சோவிஞ்ஞோன் என்ற இன்னொரு சிவப்பு ஒயின் ரகம் மாதிரி மை நிறம் இருக்காது, வெளிச்சம் ஊடுருவும். வயதான ஒயின் என்றால் ஓரம் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருக்கும்.

அப்புறம் மணம். புளிப்புச் செர்ரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பேக்கரி கேக்கின் மேல் இருக்குமே, அந்தச் செர்ரியை நினைக்காதீர்கள். அது பெரும்பாலும் பாகில் ஊறிய களாக்காய். பாகில் போடாத களாக்காயின் புளிப்பை நினைத்துக்கொண்டால் ஓரளவு கிட்டே வரலாம். இன்னொரு மணம் தக்காளி இலை. பால்கனியில் தக்காளிச் செடி இருந்தால் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, உடனே கிளாஸை முகருங்கள். எனக்கு இந்தத் திராட்சை பிடிபட்டது அந்த நொடியில்தான்.

இனி ஒரு வாய். விழுங்காமல் சில நொடி வைத்திருங்கள். நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. விழுங்கிய பிறகு ஈறு சொரசொரப்பானால் அது துவர்ப்பு. இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லையா? ஜூன், ஜூலையில் அல்சூர் மார்க்கெட்டுக்கு நாவல்பழம் வரும்போது ஒரு கை வாங்கி மென்று பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறளுகிறது. அதனால் கறியோடு குடித்தால் அது கறியின் புரதத்தையும் கொழுப்பையும் பிடித்துக்கொண்டு நம் வாயை விட்டுவிடும். வெறும் வாயில் ஒரு மிடறு, மட்டன் சுக்காவோடு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள், வேறு ஒயின் போல இருக்கும். சுக்காவில் மிளகு இருக்கலாம். மிளகாய்க் காரத்தை மட்டும் குறையுங்கள், காரம் ஏறினால் ஆல்கஹால் எரியும். சைவம் என்றால் தக்காளித் தொக்கு நன்றாகச் சேரும். தக்காளியின் புளிப்புக்கு முன்னால் மற்ற பல சிவப்பு ஒயின்கள் சப்பென்று ஆகிவிடும், இது நிற்கும்.

லேபிளில் திராட்சையின் பெயரைத் தேடினால் ஏமாறுவீர்கள். இத்தாலியர்கள் ஊர்ப் பெயரைத்தான் பெரிதாகப் போடுவார்கள். கருப்புச் சேவல் முத்திரை இருந்தால் அது கியாந்தி கிளாசிக்கோ, குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே. புருனெல்லோ தி மொந்தால்ச்சீனோ என்றால் முழுக்க முழுக்க சாஞ்சோவேசே. அதை வருடக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்தித்தான் விற்பார்கள், விலையும் அப்படி. பழகுவதற்கு அது வேண்டாம். நம் நாட்டிலேயே சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜில் ஃபிராத்தெல்லி என்ற ஒயின் நிறுவனம் இந்தத் திராட்சையைப் பயிரிடுகிறது. அதிலிருந்தே தொடங்கலாம்.

மீந்ததைக் கார்க்கால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு, மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் நான் மட்டன் குழம்பில் தக்காளியைப் பாதியாகக் குறைத்து, அரை டம்ளர் ஊற்றிக் கொதிக்க விடுவேன்.