ஜெனீவாவுக்கு முறைப்பாடு எழுதும் முறை

திருகோணமலையில் இருபது வருடமாகப் பெட்டிசம் எழுதுகிறேன். போன கிழமை மூதூர் அம்மா ஒருவர் மகனின் கடிதங்களோடு வந்து, ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்கு எழுதும் முறைப்பாட்டின் முதல் வரியிலேயே ‘சுயநிர்ணய உரிமை’ என்று போடச் சொன்னார்.

போடாதீர்கள். அந்த உரிமையைச் சொல்லும், 1966ஆம் ஆண்டு ஐ.நா. குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 1ஆம் உறுப்புரை மக்கள் கூட்டத்துக்கு உரியது, தனியாள் முறைப்பாட்டில் எடுபடாது. கனடாவின் பழங்குடிகளான லுபிகன் ஏரி மக்களுக்கே 1990இல் இந்தக் குழு அப்படித்தான் சொன்னது; சிறுபான்மையினருக்கான 27ஆம் உறுப்புரையில்தான் மீறலைக் கண்டது. ஆகவே கைது, அடி, திகதி, இடம் என்று நடந்ததை எழுதுங்கள்.

அதற்கு முன் உள்நாட்டு வழி முடியவேண்டும். அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம், கவனம். 2006இல் நம் உயர் நீதிமன்றம் இலங்கை இந்தத் தனியாள் முறைப்பாட்டு நடைமுறையில் சேர்ந்ததே செல்லாது என்றது; ஆனாலும் குழு இன்னும் முறைப்பாடு ஏற்கிறது.

தமிழ்க் கடிதங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வையுங்கள். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றி, போட்டோக் கொப்பியை மட்டும் அனுப்புங்கள்.