கல்வாழைப் படுகை ஏன் நாறுகிறது?

வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஜல்லிப் படுகை அமைத்து, கல்வாழையோ சம்புப் புல்லோ நடுவது அருமையான ஏற்பாடு. மின்சாரம் கூடத் தேவையில்லை. ஆனால் கொஞ்ச நாளில் நாற்றம் வந்தால் எல்லோரும் செடியைத்தான் குறை சொல்கிறார்கள். அழுக்கைத் தின்பதில் பெரும்பங்கு ஜல்லியில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களுடையது. வேர் அவற்றுக்கு இடமும் சிறிது காற்றும் தருகிறது. கல்லுக்குக் கல் உள்ள இடைவெளி அடைபட்டால் எந்தச் செடி நட்டும் பயனில்லை.

அடைப்புக்கு முதல் காரணம் சமையலறை எண்ணெய். வடைச்சட்டி கழுவிய தண்ணீரும் மாவுப் பாத்திரம் அலசிய தண்ணீரும் நேராக உள்ளே போனால், தண்ணீர் நுழையும் இடத்திலேயே பிசுக்கு தங்கிவிடும். அங்கே ஒரு கை ஜல்லியை அள்ளிப் பாருங்கள். கறுத்து, வழவழவென்று, அழுகிய முட்டை வாடை அடித்தால் அடைப்பு தொடங்கிவிட்டது. படுகைக்கு முன்னால் எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்டாயம் வேண்டும். மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை அடிக்கடி வழித்தெடுக்கவும் வேண்டும். மூடியைத் திறக்காத தொட்டி இருந்தும் இல்லாததுதான். கழிப்பறைத் தண்ணீர் என்றால் செப்டிக் டேங்கைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அடுத்தது மண். செடி பிடிக்கட்டும் என்று ஜல்லி மேல் செம்மண் கொட்டுகிறார்கள். மழையில் அது கரைந்து இறங்கி இடைவெளியை நிரப்பிவிடும். ஜெர்மனியில் ஆய்வாளர் ரைன்ஹோல்டு கிக்குத் இதேபோன்ற செடிப் படுகைக்கு வகுத்த வேர்மண்டல முறையில் களிமண் கலந்த மண்ணைத்தான் நிரப்பினார்கள். பல படுகைகளில் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடியது. பிறகுதான் ஜல்லி பரவலானது. ஜல்லியையும் தூசி போகக் கழுவித்தான் கொட்ட வேண்டும்.

தண்ணீர் கல்லுக்கு மேல் தெரியவே கூடாது. தெரிந்தால் கொசுதான். மட்டம் 5 முதல் 10 செ.மீ. கீழே இருக்கட்டும். வெளியேறும் குழாயில் திருப்பக்கூடிய எல்போ (வளைவு இணைப்பு) ஒன்று மாட்டினால் போதும், ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். செலவு கொஞ்சம்தான், ஆனாலும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

மாடி மழைநீரை இதில் இணைக்காதீர்கள். கழிப்பறை ஆசிட், பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினால் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

அப்புறம், வெளியே வரும் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் கிருமி மிச்சமிருக்கும். தென்னைக்கும் வாழைக்கும் தூரில் விடலாம்; கீரைப் பாத்திக்கு வேண்டாம்.