பேராசிரியருக்கு மெயில் போடுவதற்கு முன்

பேராதனை பொறியியல் பீடத்தில் இறுதியாண்டுக்கு வரும் மலையகப் பிள்ளைகள் பலரும் கேட்கும் கேள்வி இது: வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் அங்குள்ள பேராசிரியருக்கு எழுத வேண்டுமா? தோட்டத்திலிருந்து கேம்பஸுக்கு வந்த பிள்ளைக்கு வீட்டில் கேட்க ஆள் இருக்காது. அதனால் முன்னால் போன சீனியர் சொல்வதே வேதவாக்கு. ஆஸ்திரேலியாவுக்குப் போன அக்கா "கட்டாயம் எழுது" என்பார். அமெரிக்காவுக்குப் போன அண்ணா "தேவையே இல்லை" என்பார். அவரவர் போன வழிக்கு இரண்டுமே சரி. ஒருவர் போன வழியை எல்லா நாட்டுக்கும் பொருத்துவதுதான் முதல் தவறு.

இடம் கொடுப்பது யார் என்று முதலில் பாருங்கள். வகுப்புப் பாடங்களால் ஆன முதுமாணி என்றால், பெறுபேற்றையும் ஆவணங்களையும் வைத்து அனுமதிப் பிரிவு முடிவு செய்யும். பேராசிரியருக்கு எழுதுவது வீண். அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்கும் பெரும்பாலும் ஒரு குழுவே தேர்ந்தெடுக்கிறது. ஆனாலும் கலாநிதி மாணவருக்குக் கொடுக்கும் சம்பளப் பணம் பல நேரம் பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து வருவதால், அவருக்கு உங்களைத் தெரிந்திருப்பது உதவலாம். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் ஆய்வுப் படிப்பென்றால், பல பல்கலைக்கழகங்களில் மேற்பார்வையாளர் சம்மதிக்காமல் விண்ணப்பம் நகராது. ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலிலும் பேராசிரியரின் ஒப்புதல் முக்கியம்.

எழுதத்தான் வேண்டும் என்றால், ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். "டியர் சேர்" என்று தொடங்கும் கடிதம் ஒரு பெண் பேராசிரியருக்குப் போய்ச் சேர்ந்தால், இரண்டாவது வரியை அவர் ஏன் படிக்க வேண்டும்? "உங்கள் உன்னதமான ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டேன்" என்ற வரி எல்லோரிடமிருந்தும் வருகிறது. உங்களிடம் இருப்பதை எழுதுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவால் தோட்டத் தொழிலாளரின் லயன் வீட்டு வரிசைகளே மண்ணுக்குள் போனதைக் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளை, மண்சரிவைப் பற்றி இறுதியாண்டு புரொஜெக்ட் செய்கிறாள் என்று வையுங்கள். அவள் எழுத வேண்டியது இப்படி: பதுளைப் பக்கத்துச் சரிவு ஒன்றின் மண்ணைச் சோதித்தேன், மழைநீர் இறங்க இறங்க அதன் வலிமை எப்படிக் குறைகிறது என்று அளந்தேன், உங்கள் கட்டுரையில் உள்ள கணிப்பு முறையைப் போட்டுப் பார்த்தபோது ஓரிடத்தில் பொருந்தவில்லை, காரணம் இதுவாக இருக்கலாம் என நினைக்கிறேன், அடுத்த ஆண்டு புதிய மாணவர்களை எடுக்கிறீர்களா? இவ்வளவு போதும். இருநூறு சொல்லைத் தாண்ட வேண்டாம். இரண்டு பக்க சீவியும் (CV, தன்விவரக் குறிப்பு) பெறுபேற்றுத் தாளும் இணைத்தால் சரி.

அனுப்பும் முன் அவருடைய இணையப் பக்கத்தைப் பாருங்கள். "விண்ணப்பிக்க விரும்புவோருக்கு" என்று தனியாக எழுதி வைத்திருப்பவர்கள் நிறைய. எழுத வேண்டாம் என்று இருந்தால் எழுதாதீர்கள். குறிப்பிட்ட தலைப்பு வரியைப் போடச் சொன்னால் அதையே போடுங்கள். அங்கேயே பதில் இருக்கிற கேள்வியைக் கேட்பதும், முதல் கடிதத்திலேயே "முழு நிதியுதவி கிடைக்குமா" என்பதும் கெடுதல்.

நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும், எனக்கு மிகவும் வலிக்கும் தவறு வேறு. "சேரைத் தொந்தரவு செய்யக் கூடாது" என்று சொந்த விரிவுரையாளரின் கதவைத் தட்டாமலே இருந்துவிடுகிறார்கள். அவர்களில் பலர் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள். பழைய ஆய்வுகூடத்தோடு இன்னும் தொடர்பில் இருப்பார்கள். அவர் எழுதும் இரண்டு வரி அறிமுகம் நீங்கள் எழுதும் பத்துக் கடிதத்துக்குச் சமம். போய்க் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அமெரிக்காவில் பல இடங்களில் கடைசித் திகதி டிசெம்பரில் வரும். ஆகையால் செப்டெம்பர், ஒக்டோபரில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம், அப்புறம் விட்டுவிடுங்கள். பதில் வரவில்லை என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள். "தாராளமாக விண்ணப்பியுங்கள்" என்று வந்தாலும் அதை இடம் கிடைத்ததாக எடுத்துக்கொண்டு மற்ற விண்ணப்பங்களைக் கைவிடாதீர்கள். விண்ணப்பக் கட்டணம் சில இடங்களில் நூறு டொலரையும் தாண்டலாம். நம் வீடுகளுக்கு அது பெரிய பணம். விலக்குக் கேட்க வழி உண்டா என்று அனுமதிப் பிரிவுக்கு எழுதுங்கள்; பேராசிரியரிடம் கேட்க வேண்டாம்.