தறப்பாளின் நீலச் சாயலை நீக்கிய விதம்

கிளிநொச்சியில் உறவினர் வீட்டுப் பூப்புனித நீராட்டு விழாவில், நீலத் தறப்பாள் பந்தலின் கீழ் நான் எடுத்த படங்களில் எல்லா முகங்களிலும் நீலம் படர்ந்திருந்தது. பின்னால் தெரிந்த வயலோ இயல்பான நிறத்திலேயே இருந்தது. வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சரிசெய்யும் வெண்சமநிலையைப் படம் முழுவதற்கும் மாற்றினால் முகங்கள் தெளியும், ஆனால் வயல் செம்மஞ்சளாகிவிடும். இரண்டு ஒளிகள் கலந்த படத்துக்கு ஒரே திருத்தம் பொருந்தாது என்பதால், கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் படத்தின் அடுக்கைப் படியெடுத்து, மேலடுக்கில் லெவல்ஸ் கருவியில், நடுநிலைச் சாம்பலாகக் கொள்ளவேண்டிய இடத்தைக் காட்டும் சாம்பல் புள்ளித் தெரிவியால் பந்தலுக்குள் இருந்த சீமெந்துத் தூணைத் தெரிவுசெய்தேன். வெள்ளை வேட்டியைத் தெரிவுசெய்வதை நான் விரும்புவதில்லை. சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டிகள் துணிக்கே சற்று நீலம் தருவதால், அதை நடுநிலை நிறமாகக் கொண்டால் முகங்கள் மஞ்சளித்துவிடும்.

பின்னர் மேலடுக்குக்கு வெள்ளை மறைப்பு (வெள்ளையான இடத்தில் மேலடுக்கையும் கறுப்பான இடத்தில் கீழடுக்கையும் காட்டும் திரை) ஒன்றைச் சேர்த்து, வயல் தெரிந்த பகுதியை மென்மையான கறுப்புத் தூரிகையால் தீட்டியதும் கீழடுக்கின் பச்சை அப்படியே வெளிவந்தது. பந்தலின் விளிம்பில் நின்றவர்கள்மீது இரு ஒளிகளும் விழுந்திருந்தமையால், அங்கே மட்டும் சாம்பல் நிறத் தூரிகை தேவைப்பட்டது. சாயலை நீக்கும்போது தோலை வெளுப்பாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை: வயலில் வெயில் பட்டு உழைத்த அம்மம்மாவின் கருமை அவருடைய சொந்த நிறம், அது படத்திலும் இருந்தே ஆகவேண்டும். அடுக்குகள் கலையாதிருக்க வேலைக் கோப்பைக் கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் வடிவிலும், அச்சுக்கான பிரதியை ஜேபெக் வடிவிலும் சேமித்தேன்.