கதை அறுபடாமல் சண்டை நடத்துவது எப்படி? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பழகுவோருக்கு ஒரு செய்முறை

காட்டுப் பாதையில் செத்துக் கிடக்கும் குதிரைகளைப் பற்றி ஆட்டத்தை நடத்திக் கதை சொல்லும் டன்ஜன் மாஸ்டர் விவரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும் மேசை, சண்டை தொடங்கியதும் கணக்கு வகுப்பாக மாறிவிடுவதைப் புதிதாக ஆடுகிற பலரும் பார்த்திருப்பீர்கள். இதற்குக் காரணம் விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கி வெளியிட்ட, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையை நகர்த்தும் இந்த விளையாட்டு, சிறு பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து வளர்ந்தது. ஆகவே சண்டைக்குரிய விதிகள் அதில் இயல்பாகவே செறிந்திருக்கின்றன. அந்த விதிகளைத் தளர்த்தாமலேயே கதையின் உணர்வைக் காப்பாற்ற முடியும் என்பது என் உறுதியான கருத்து. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளைக் கொண்டு, கோப்ளின் எனும் குட்டிப் பூதங்கள் மூன்று பதுங்கியிருந்து தாக்கும் ஒரு காட்சியை வைத்து அதை விளக்குகிறேன்.

படி 1: வரிசையை முன்பே வாங்கி வையுங்கள்

யாருக்குப் பின் யார் ஆடுவது என்பதை முடிவு செய்யும் இனிஷியேட்டிவுக்காக, ஒவ்வொருவரும் 20 முகப் பகடையை உருட்டி, அதனுடன் தம் பாத்திரத்தின் டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்புக்கு) உரிய கூட்டெண்ணைச் சேர்க்க வேண்டும். அம்பு பறந்து வரும் நேரத்தில் இதைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தால் பதற்றம் வடிந்துவிடும். அன்றைய ஆட்டம் தொடங்கும்போதே முதல் சண்டைக்கான எண்ணை உருட்டச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வகை எதிரிகளுக்குச் சேர்த்து ஒருமுறை உருட்டினால் போதும் என்பது விதியிலேயே உள்ளது.

படி 2: முதலில் செயல், பிறகு பகடை

"நான் அட்டாக் பண்றேன்" என்று ஒருவர் சொன்னால், உடனே பகடையைக் கையில் எடுக்க விடாதீர்கள், "எப்படித் தாக்குகிறீர்கள்?" என்று கேளுங்கள். "கேடயத்தால் தள்ளிவிட்டு இடுப்புக்குக் கீழே வெட்டுகிறேன்" என்ற ஒரு வரியே போதும். கூச்சப்படுபவரை நீண்ட வருணனைக்கு வற்புறுத்த வேண்டாம்.

படி 3: எண்ணுக்குள் இருக்கும் காட்சியைப் படியுங்கள்

என் அனுபவத்தில் மிகுந்த பலன் தருவது இந்தப் படிதான். கோப்ளினின் ஆர்மர் கிளாஸ் 15. பகடையில் விழுந்த எண்ணும் தாக்குபவரின் கூட்டெண்ணும் சேர்ந்து 15 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி படும். இந்த 15 எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்: அடிப்படை 10, கோப்ளினின் சுறுசுறுப்புக்கு 2, தோல் கவசத்துக்கு 1, கேடயத்துக்கு 2. ஆகவே கூட்டுத்தொகை 11 அல்லது அதற்குக் கீழே வந்தால், கோப்ளின் குனிந்து விலகிவிட்டது என்று சொல்லலாம். 12 வந்தால், வாள்முனை தோல் கவசத்தில் கீறி வழுக்கியது. 13 அல்லது 14 என்றால், மரக் கேடயம் குறுக்கே வந்து வெட்டை வாங்கிக்கொண்டது. இப்படிப் பிரித்துச் சொல்வது விதி அல்ல, என் பழக்கம் மட்டுமே. ஆனால் "படவில்லை, அடுத்தவர்" என்று முடிந்திருக்கும் ஒரு முறை, கேடயத்தில் சிக்கிய வாளைப் பிடுங்கும் காட்சியாகிறது. அடுத்து ஆடுபவர் அதைப் பற்றிக்கொண்டு தன் செயலைச் சொல்லத் தொடங்குவார்.

தாக்குதல் பகடையையும், அடி எவ்வளவு பலமானது என்று காட்டும் சேதப் பகடையையும் ஒன்றாக உருட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளி குறையும்.

படி 4: ஹிட் பாயிண்ட் எல்லாமே இரத்தம் அல்ல

உடலின் தாங்குதிறன், மன உறுதி, வாழும் வேட்கை, அதிர்ஷ்டம் ஆகியவை கலந்ததே, அடி படும்போது குறையும் ஹிட் பாயிண்ட் என்று விதிநூல் விளக்குகிறது. 30 ஹிட் பாயிண்ட் உள்ள வீரர் 5 இழந்தால் அவர் மார்பில் வாள் பாய்ந்ததாகச் சொல்லாதீர்கள். அவர் தடுமாறிப் பின்வாங்கி மூச்சிரைக்கட்டும். பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு வெட்டுக்காயங்களும் கன்றிய தோலும் தெரியட்டும். 7 ஹிட் பாயிண்ட் மட்டுமே உள்ள கோப்ளினுக்கு அதே 5 போனால், அது நொண்டிக்கொண்டு மரத்தின் பின்னே ஓடி ஒளியட்டும். சட்டென விலகவும் மறையவும் அதற்குத் தனித்திறனே உண்டு என்பதால், எதிரியின் அச்சமும் தந்திரமும் விதிக்கு உட்பட்டே வெளிப்படும்.

படி 5: 6 நொடியை நினைவூட்டுங்கள்

எல்லோரும் ஒருமுறை ஆடி முடிக்கும் ஒரு ரவுண்ட் என்பது கதைக்குள் சுமார் 6 நொடிதான். நீண்ட ஆலோசனை தொடங்கினால், மென்மையாக இதைச் சொல்லுங்கள். அடுத்து ஆட வேண்டியவரையும் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

படி 6: ஒருவர் வீழ்ந்தால்

ஹிட் பாயிண்ட் 0 ஆகி விழுந்த பாத்திரத்துக்கு உரியவர், தம் முறை வரும்போதெல்லாம் 20 முகப் பகடையை எதையும் கூட்டாமல் உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைபெறும், மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. 20 விழுந்தால் 1 ஹிட் பாயிண்டுடன் கண் விழிப்பார். இந்த இடத்தில் மட்டும் வருணனையை நிறுத்திவிடுங்கள். பகடையை மேசையின் நடுவில், எல்லோரும் பார்க்கும்படி உருட்டச் சொல்லிவிட்டு, அது நிற்கும் வரை நீங்களும் பேசாமல் காத்திருங்கள்.