புளியங்கட்டையில் யானை செதுக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் என் பட்டறைக்கு வந்த ஓர் இளைஞர், துணிப்பையிலிருந்து புளியங்கட்டையில் செதுக்கிய ஆமை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஓட்டின் கட்டங்களும் கழுத்தின் மடிப்புகளும் கண்ணுக்கு நிறைவாகவே இருந்தன. ஆனால் மூக்கில் தொடங்கி வால்வரை, ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகும் அகலத்தில் வெடிப்பு ஓடியிருந்தது. "ஒரு வருடம் நிழலில் காயவைத்த கட்டைதான் ஐயா" என்றார். ஆமையைத் திருப்பி வால் பக்கம் பார்த்தேன். மிளகளவில் கிளையின் மையப்புள்ளி அப்படியே இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு.

உளியைத் தீட்டுங்கள், விரலை வெட்டிக்கொள்ளாதீர்கள் என்பனவற்றை நான் எழுதப்போவதில்லை. முதல் வாரத்திலேயே உளி அவற்றைக் கற்றுக்கொடுத்துவிடும். புளி, பூவரசு, ஆச்சா, சீமைக்கருவேலம் போன்ற, சிற்பிகள் அதிகம் தொடாத, வைரம் (கடினமான உள்மரம்) பாய்ந்த கட்டைகளில் கையளவு விலங்குகள் செய்ய விரும்புபவர்களுக்கே இது.

உருண்டைக் கிளையை முழுதாக எடுத்துக்கொள்வது

தொடக்கக்காரர்களின் கண்ணை முதலில் ஏமாற்றுவது உருண்டைக் கிளைதான். அது ஏற்கெனவே யானையின் உடம்பைப் போல இருக்கிறது, பாதி வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சாலை அகலப்படுத்த வெட்டிய ஒரு பழைய புளியமரத்தின் கிளையை விலைக்கு வாங்கி, நாற்பது நாள் உட்கார்ந்து, நெற்றி மேடும் காதின் நரம்பும் வரும்படி ஒரு யானை செதுக்கினேன். சித்திரை வெயிலில் அதன் மத்தகத்திலிருந்து முதுகு வழியாக மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது; பத்து நாளில் அந்தக் கோட்டுக்குள் நகம் நுழைந்தது.

காரணம் ஈரம் மட்டுமன்று. மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நீளவாக்கில் அது சுருங்குவது மிக மிகக் குறைவு. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் கொஞ்சம் சுருங்கும். சுற்றளவின் திசையிலோ ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு சுருங்கும். கைக்குப் போட்ட வளையல் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வர, கை அந்த அளவுக்கு மெலியவில்லை என்றால் வளையல் என்ன ஆகும்? உடையத்தான் வேண்டும். மையத்தை உள்ளே வைத்திருக்கும் உருண்டைக் கட்டை அப்படித்தான் வெடிக்கிறது. ஓர் ஆண்டு அன்று, மூன்று ஆண்டு காயவைத்தாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

ஆகவே கிளையை வெட்டிய சில நாட்களுக்குள் மையத்தின் வழியாகவே இரண்டாகப் பிளந்துவிடுங்கள். மையத்தை ஒட்டி ஒரு விரல் அகலத்தை இரக்கமின்றிச் சீவி எறிந்துவிட்டு, ஒரு பக்கத்து வைரத்திலிருந்து மட்டும் உருவத்தை எடுங்கள். யானை சிறிதாகத்தான் வரும். ஆனால் உடையாமல் வரும். இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடவுங்கள். பக்கங்களைவிட முனைகள் வழியாகவே ஈரம் மிக விரைவாக வெளியேறுவதால், வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

காய்ந்துவிட்டதா என்பதை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். என் அலமாரியில் இருக்கும் ஒரு பாதிக்கட்டையின் மேல் பென்சிலில் எழுதிய எடை இது: சித்திரை 1,140 கிராம், ஆடி 965, புரட்டாசி 905, கார்த்திகை 911, மாசி 894, பங்குனி 893, மறு சித்திரை 893. கார்த்திகையில் எடை ஏறியதைக் கவனியுங்கள். அது மழைக் காற்றிலிருந்து கட்டை குடித்த ஈரம். மழைக்காலம் கழிந்தபின் எடை மூன்று மாதம் அசையாமல் நின்றால்தான் உளியை எடுக்கலாம்.

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது வெடிப்பு அன்று, அதை மறைக்கும் வேலை. மரத்தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, மெருகு பூசிக் கொடுத்துவிடுகிறார்கள். என் யானையையும் நான் அப்படித்தான் விற்றேன். ஐப்பசி மழையில் கட்டை உப்பி அடைப்பை நெருக்கியது. அடுத்த கோடையில் அதன் பக்கத்திலேயே புதிதாக ஒரு கோடு திறந்தது. வாங்கியவர் அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து, எதுவும் சொல்லாமல் என் முன் வைத்துவிட்டு நின்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

சீமைக்கருவேலம் இதில் ஓரளவு பொறுத்துப்போகும். அது சுருங்குவதே குறைவு, குறுக்குவாக்கில் எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் சுருங்கும். விறகுக் குவியலில் கிடக்கும் அந்தக் கட்டையில் முதல் நான்கைந்து உருவங்களைச் செய்து பழகிவிட்டுப் புளிக்கு வாருங்கள்.

ரேகைக்குக் குறுக்கே கால் வைப்பது

நிற்கும் மானின் நான்கு கால்களும் மரத்தின் ரேகையோடு நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் எவ்வளவு வைரம் பாய்ந்த கட்டையானாலும் கால் பிஸ்கட்டைப் போல முறியும். காலுக்கு நீளவாக்கு கிடைத்தால் நீண்ட வாலுக்கோ கொம்புக்கோ அது குறுக்காகிவிடும் என்பதால், பெரும்பாலும் நிற்கும் மானைவிடப் படுத்த மானே நல்லது. கழுத்தைத் திருப்பி விலாவோடு சாய்த்துவிட்டால், பார்ப்பவர்கள் அதை அழகுக்காகச் செய்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

வாகைக்குத் தீட்டிய உளியோடு வருவது

2020-இல் புவிசார் குறியீடு பெற்ற, பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களில் வாகை, மா, வேம்பு போன்ற மரங்களே அதிகம் புழங்குகின்றன. புளியைவிட மென்மையான அவற்றில் பழகிய கை, புளியிலும் அதே மெல்லிய வாயை வைத்து ஓங்கி அடிக்கும். உளியின் வாய் பெயர்ந்துவிடும். 20 பாகை போதாது, 25 முதல் 30 பாகைவரை தடித்த வாயாகத் தீட்டிக்கொண்டு, கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) சிறு சிறு அடியாக அடித்து, அரிசி அளவுச் சீவலாக எடுக்க வேண்டும்.

வெளிறை விட்டுவைப்பது

வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிற மரமே வெளிறு. பூச்சி அரித்து அது உளுத்துப்போகும்.

அனுமதி

சந்தனம், ஈட்டி, செம்மரம்: உரிய சீட்டு இல்லாத துண்டைக் கையாலும் தொடாதீர்கள்.

தேங்காய் எண்ணெய்

மெருகுக்கு இதைப் பூசினால் அது காயாது, ஒட்டிய தூசோடு உங்கள் முயல் ஒரு மாதத்தில் அழுக்காகிவிடும். ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, அது முழுதும் காய்ந்தபின் தேன்மெழுகு தேயுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடுவதால், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்டபின் எறியுங்கள்.