புல்வெட்டி வண்டிக்குப் பை: களை விதையைத் தரையில் விடாதீர்கள்

மாதவரம், மணலிப் பக்கம் பெரிய புல்தரையில் உட்கார்ந்து ஓட்டும் வண்டியால் வெட்டும்போது, களை விதையும் தரை முழுக்கத் தூவிப்போகிறது. பை மாட்டினால் பெரும்பகுதி அதிலேயே சேரும். மழை மாதங்களில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பூ முற்றுவதற்குள் வாராவாரம் வெட்டுங்கள்.

உங்கள் மாடலுக்கென்றே வரும் பை செட்டையே வாங்குங்கள். சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பின்பக்கம் தாங்கியை போல்ட் போட்டு முடுக்கி, பிளேடு மூடியின் பக்கவாயில் குழாயைப் பொருத்தி, மறுமுனையைப் பை மூடியில் செருகுங்கள். இணைப்பில் சந்து இருந்தால் காற்று கசிந்து புல் பாதிக் குழாயிலேயே தங்கிவிடும். பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்த பிளேடுதான் புல்லைத் தூக்கி அனுப்பும். பை நிறைந்தால் முன்சக்கரம் இலேசாகும். செட் கையேடு சொல்லும் எடையை முன்னால் கட்டுங்கள்.

ஈரப்புல்தான் அடைப்புக்கு முதல் காரணம். பனி காய்ந்தபின் வெட்டுங்கள். வண்டிக்குப் பின்னால் புல் கட்டிகட்டியாக விழுந்தால் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். இன்ஜினை அணைத்து, பிளேடு நின்றபின் குச்சியால் தள்ளுங்கள், கையை மட்டும் விடவே கூடாது.

கோரைக்குப் பை போதாது. அது கிழங்கிலிருந்து கிளம்புவது. மண் ஈரமாக இருக்கும்போது கிழங்கோடு தோண்டியெடுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும்.

பையில் சேர்ந்ததை பக்கிங்காம் கால்வாய் ஓரம் கொட்டாதீர்கள். உரக்குழியில் போட்டுக் கிளறுங்கள். நடுக்குவியல் 55 டிகிரிக்கு மேல் பல நாள் சூடாக இருந்தால்தான் விதை சாகும்.